தமாசு: ஒரு சொல்லுக்குள் இரண்டு காரியம்

“கோவிச்சுக்காதீங்க மச்சான், சும்மா தமாசுக்குத்தானுங்க சொன்னேன்.” கோவையிலும் ஈரோட்டிலும் பள்ளப்பட்டியிலும் கல்யாணப் பந்தியில் காதில் விழும் பேச்சு இது. இங்கே தமாசு என்பது வேடிக்கையா, ஏளனமா? இஸ்லாமிய மார்க்கத்தில் இரண்டுக்கும் தீர்ப்பு வேறு வேறு.

தமாசு அரபியில் வேர்விட்ட சொல். ‘மஷா’ என்றால் நடந்தான்; ‘தமாஷீ’ என்றால் சேர்ந்து நடத்தல். பாரசீகத்தில் அது ‘தமாஷா’ ஆகி, உலாவியபடி கண்டுகளிப்பதைக் குறித்தது. பிறகு களிக்கும் காட்சிக்கே பெயரானது. மராட்டியக் கூத்துக்குத் தமாஷா என்று பெயர் இருப்பது இந்தப் பொருளில்தான். உருது புழங்கிய வழியில் தமிழுக்கு வந்தபின் காட்சி மங்கி, சிரிப்புப் பேச்சு மட்டும் நின்றது. கொங்கு வாயில் ஷகரம் சகரமாகித் தமாசு ஆயிற்று.

இதற்கு நேரான தமிழ்ச் சொல் வேடிக்கை. உருதுக்காரர் ‘தமாஷா தேக்னா’ என்பதைத்தான் நாம் வேடிக்கை பார்ப்பது என்கிறோம். காட்சி, விளையாட்டுப் பேச்சு இரண்டையும் அந்த ஒரு சொல் தாங்கும். நகைச்சுவை என்பது மேடைக்கும் சினிமாவுக்கும் பொருந்தும், பந்திப் பேச்சுக்கு ஒட்டாது.

அரபியில் குழப்பமே இல்லை. வேடிக்கைப் பேச்சு மிஸாஹ், ஏளனம் சுக்ரிய்யா. (நன்றி சொல்லும் உருது ‘ஷுக்ரியா’வுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கவனம் வேண்டும்.) இரண்டையும் கேலி என்றே மொழிபெயர்த்தால், சிரிப்பே கூடாது என்று ஒருவரும் எல்லாம் கூடும் என்று இன்னொருவரும் வாதாடுவார்கள். மிஸாஹுக்கு வேடிக்கைப் பேச்சு, சுக்ரிய்யாவுக்கு ஏளனம் அல்லது எள்ளல் என்று பிரித்து எழுதுவதே முறை.

மிஸாஹ் எப்படி இருக்கும்? வாகனம் கேட்டு வந்தவரிடம் நபி (ஸல்), “பெண் ஒட்டகத்தின் பிள்ளையில் உம்மை ஏற்றுகிறேன்” என்றார்கள். குட்டியை நினைத்துக்கொண்டு அவர், “அதை வைத்து நான் என்ன செய்வேன்?” என்று கேட்டார். “எந்த ஒட்டகமும் பெண் ஒட்டகம் ஈன்றதுதானே!” என்று பதில் வந்தது. நபிமொழிகளைத் தொகுத்த அபூதாவூத், திர்மிதீ இருவரும் பதிந்த செய்தி. இதில் பொய் இல்லை, புண்பட்டவர் இல்லை, குழப்பமும் அடுத்த வாக்கியத்திலேயே தீர்ந்துவிட்டது. ஒரு வேடிக்கையை எடைபோட இந்த மூன்றும் போதும். மக்களைச் சிரிக்க வைக்கப் பொய் சொல்பவனுக்குக் கேடு என்ற எச்சரிக்கையும் அதே தொகுப்புகளில் உண்டு. மேடையில் கதை கட்டுபவர்கள் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

சுக்ரிய்யாவை குர்ஆன் 49:11 நேரடியாகத் தடுக்கிறது: ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை ஏளனம் செய்ய வேண்டாம், அவர்கள் இவர்களைவிட மேலாக இருக்கலாம். இழிவான பட்டப்பெயரையும் அதே வசனம் விலக்குகிறது. நம் பக்கம் கால் ஊனத்தையும் தோல் நிறத்தையும் வைத்துக் கூப்பிட்டுவிட்டுக் குசும்பு என்று சொல்லிக்கொள்கிறார்கள். அது குசும்பு அல்ல, தெளிவான சுக்ரிய்யா.

பிராங்க் வீடியோவுக்கும் விடை இருக்கிறது. பயணத்தில் தூங்கிய ஒருவரின் கயிற்றை இன்னொருவர் எடுக்க, விழித்தவர் பதறினார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகாது என்றார்கள் நபி (ஸல்). கயிற்றின் இடத்தில் செல்போனை வைத்துப் பாருங்கள். நண்பனுடைய போனை ஒளித்து, அவன் வெளிறிப்போகும் முகத்தைப் படம் எடுப்பது இதே செயல்தான். அரைமணி கழித்துத் திருப்பிக் கொடுத்தாலும் பட்ட பதற்றம் பட்டதுதான்.

நிக்காஹ் (திருமணம்), தலாக் (மணவிலக்கு), தலாக் சொன்னபின் மனைவியை மீட்டுக்கொள்வது ஆகிய மூன்றிலும் விளையாட்டும் வினையே என்பது நபிமொழி. கொங்குப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்களான இராவுத்தர்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்), கணவன் சிரித்துக்கொண்டே தலாக் என்று மனைவியிடம் சொன்னாலும் அது சொன்னதாகவே கொள்ளப்படும். அங்கே “தமாசுக்குத்தானுங்க” என்பது செல்லாது.