சுகர் மாத்திரை என்று சொல்லி விழுங்கும் எச்.ஐ.வி. மாத்திரை

அமெரிக்க நடிகர் பில்லி போர்ட்டருக்கு 2007-ம் ஆண்டு அடி மேல் அடி. பிப்ரவரியில் டைப் 2 சர்க்கரை நோய் என்றார்கள். மார்ச்சில் திவால் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ஜூனில், ஒரு கொப்புளத்தைக் காட்ட நியூயார்க்கில் ஒரு கிளினிக்குக்குப் போனவர், கையோடு எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொண்டார். பாசிட்டிவ். அப்போது அவருக்கு வயது 37.

சர்க்கரை, எச்.ஐ.வி. இரண்டுமே காலம் முழுக்க மருந்து கேட்கும். கவனிக்காமல் விட்டால் இரண்டும் ஆளை முடித்துவிடும். ஆனால் சர்க்கரையை யாரும் ஒளித்துவைப்பதில்லை. கல்யாணப் பந்தியிலேயே "எனக்கு சுகர், பாயசம் வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்கிறோம். எச்.ஐ.வி. இருப்பதை போர்ட்டர் 14 ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. நெருங்கிய சிலருக்குத் தெரியும். பெற்ற தாய்க்குத் தெரியாது.

மறைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. எச்.ஐ.வி.க்கு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் வேலை பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது தினசரி நடப்பு. மறைத்தவர் யார் என்பதுதான் யோசிக்க வைக்கிறது. போர்ட்டர் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு மேடையேறியவர். 2019 ஆஸ்கர் விழாவுக்கு மேலே கோட்டு, கீழே தரையைக் கூட்டும் கறுப்பு வெல்வெட் கவுன் அணிந்து வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். ஒன்றைத் தைரியமாகச் சொல்லிவிட்டவருக்கு இன்னொன்றையும் சொல்லும் தைரியம் தானாக வந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி வருவதில்லை.

பிட்ஸ்பர்க்கில் பெந்தெகொஸ்தே சபைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்து, 1991-ல் 'மிஸ் சைகோன்' இசை நாடகம் மூலம் நியூயார்க்கின் புகழ்பெற்ற பிராட்வே நாடக மேடைக்கு வந்தார். குரலுக்குக் கைதட்டல் கிடைத்தது. அந்தக் கைதட்டலுக்கு ஏற்ற வேடங்கள் கிடைக்கவில்லை. கறுப்பினத்தவர், பெண்மை கலந்த நடை உடை, அதையும் அடக்கிக்கொள்ள மாட்டார். பிறகு வாய்ப்பு எங்கிருந்து வரும்? திவால் வரை போனது இப்படித்தான்.

2010-ல் நியூயார்க்கின் சிக்னேச்சர் தியேட்டரில் 'ஏஞ்சல்ஸ் இன் அமெரிக்கா' நாடகத்தில் பெலீஸ் என்ற ஆண் நர்ஸாக நடித்தார். எய்ட்ஸால் செத்துக்கொண்டிருக்கும் ஒரு வக்கீலைக் கவனித்துக்கொள்ளும் வேடம். அந்த வக்கீலோ தனக்கு வந்திருப்பது கல்லீரல் புற்றுநோய் என்று கடைசிவரை சாதிப்பார். அந்த வக்கீலின் படுக்கை அருகே தினமும் நின்று வசனம் பேசியபோது, போர்ட்டர் தன் நோயை அறிந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்புறம் நல்ல காலம் வந்தது. 2013-ல் 'கிங்கி பூட்ஸ்' இசை நாடகத்தில் லோலா வேடத்துக்காக டோனி விருது. 2018-ல் தொடங்கிய 'போஸ்' தொலைக்காட்சித் தொடரில் பிரே டெல் என்ற தொகுப்பாளர் வேடம். அதற்காக 2019-ல் எம்மி. நாடகத் தொடர்ப் பிரிவில் சிறந்த நடிகர் விருதை வென்ற, வெளிப்படையாகத் தன்பாலீர்ப்பாளரான முதல் கறுப்பின நடிகர் அவர்தான். தொடரின் கதை 1980-களின் பிற்பகுதியில் தொடங்குகிறது. பிரே டெல்லுக்கும் எச்.ஐ.வி. பாசிட்டிவ். மூன்று சீசன்கள் அந்த வலியைத் திரையில் சுமந்தார். தான் சொல்ல நினைத்ததையெல்லாம் அந்தப் பாத்திரத்தின் வாயால் சொல்லிவிட்டதாகப் பின்னால் விளக்கினார்.

2021 மே மாதம் ஹாலிவுட் ரிப்போர்ட்டர் பத்திரிகையில் தன் நிலையை வெளிப்படையாகச் சொன்னார். எய்ட்ஸ் சாவுகளைக் கண்ணால் பார்த்து வளர்ந்த தலைமுறை தாங்கள், எல்லாம் தெரிந்திருந்தும் தனக்கு வந்துவிட்டதே என்ற வெட்கம் ஒரு பக்கம். தெரியக்கூடாதவர்களுக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். 'போஸ்' படப்பிடிப்பின் கடைசி நாளில்தான் அம்மாவுக்கு போன் செய்தார். இத்தனை வருடம் தனியாகச் சுமந்தாயா, இனி இப்படிச் செய்யாதே என்றுதான் அந்த அம்மா சொன்னார்.

இதில் மருத்துவ விஷயம் ஒன்றைக் கவனியுங்கள். கூட்டு மருந்து சிகிச்சை 1996-லேயே வந்துவிட்டது. போர்ட்டருக்கு நோய் தெரிந்தபோது மருந்து தயாராக இருந்தது. வைரஸ், பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கியும் விட்டது. வைரஸ் அந்த நிலையில் இருக்கும்வரை உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இது ஆறுதலுக்குச் சொல்வதல்ல. 'பார்ட்னர் 2' என்ற ஐரோப்பிய ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த 782 ஆண் ஜோடிகள் ஆணுறை இல்லாமல் உறவு வைத்துக்கொண்டதைக் கண்காணித்தார்கள். சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 2019-ல் வெளியான முடிவு இது. மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மறுபடி தலைதூக்கும். மற்ற பால்வினை நோய்களுக்கு ஆணுறை வேண்டியதுதான்.

ஆக, வைரஸ் அடங்கிவிட்டது, வெட்கம் அடங்கவில்லை. எங்கள் மையத்துக்கு வருகிறவர்களிடமும் இதைத்தான் பார்க்கிறேன். இரண்டு பஸ் மாறி அடுத்த மாவட்டத்துக்கு வந்து மருந்து வாங்குவார்கள், சொந்த ஊரில் யாராவது பார்த்துவிடுவார்களாம். டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடுவார்கள். "வீட்ல கேட்டா சுகர் மாத்திரைன்னு சொல்லிடுவேன் டாக்டர்" என்பது அடிக்கடி காதில் விழும். விருந்தாளி வந்தால் மாத்திரை நேரம் தவறும், வெளியூர் போனால் டப்பா வீட்டிலேயே தங்கிவிடும். இப்படித் தவறும் மாத்திரைகளால்தான் மருந்துக்கு அடங்காத வைரஸ் உருவாகிறது. வெட்கம் மனப்பிரச்சினையாக மட்டும் நிற்காமல் ரத்தப் பரிசோதனை முடிவிலும் வந்து நிற்கிறது.

இன்னொன்று. போர்ட்டர் கதையைப் படித்துவிட்டு இது ஆண்-ஆண் உறவுக்காரர்களின் நோய் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். நம் நாட்டில் இது பெரும்பாலும் ஆண்-பெண் உறவு வழியாகவே பரவியிருக்கிறது.

"அவரே சொல்லிவிட்டார், நீங்களும் சொல்லுங்கள்" என்று நோயாளிகளை நெருக்குவதும் எனக்குப் பிடிக்காது. அவர் கையில் எம்மி இருந்தது, வேலை இருந்தது. ஓட்டல் ஊழியருக்கோ வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கோ கணக்கு வேறு. கணவன் அல்லது மனைவிக்குத் தெரிந்தாக வேண்டும், அவர்களுக்கும் பரிசோதனை வேண்டும். எப்படிச் சொல்வது என்று திணறினால் ஆலோசகர் கூட உட்கார்ந்து உதவுவார். அதைத் தாண்டி முதலாளிக்கோ பக்கத்து வீட்டுக்கோ சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் உங்கள் ரகசியத்துக்குப் பாதுகாப்பு தருகிறது. இந்த நோயைக் காரணம் காட்டிப் பாகுபாடு பார்ப்பதைத் தடை செய்கிறது. துணைக்குத் தெரிவிப்பதற்குத் தனி விதிமுறை உண்டு.

சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். பாசிட்டிவ் என்றால், எதிர்ப்பு சக்தி குறையட்டும் என்று காத்திருக்கும் பழைய வழக்கம் இப்போது இல்லை. சிகிச்சையைச் சீக்கிரமே தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரு மாத்திரைதான். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1097-க்கு போன் செய்து கேளுங்கள்.