அப்பா அம்மாவை ஜப்பான் வெந்நீர் விடுதிக்கு அழைத்துச் செல்லும் முன்

ஜனவரி மாதம். மலைமேல் ஒரு வெந்நீர் விடுதி. வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. எங்கள் குழுவில் வந்திருந்த ஈரோட்டுக்காரர் ஒருவர், வயது 67, திறந்தவெளித் தொட்டியில் கழுத்தளவு வெந்நீரில் இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். தலையில் பனி விழுகிறது, உடம்பு கதகதவென்று இருக்கிறது, எழுந்து வர மனமில்லை. "போதும் சார், வாங்க" என்று நான் கூப்பிட்டதும் சட்டென்று எழுந்தார். இரண்டு அடி வைத்திருப்பார். முகம் வெளுத்து, கால் மடங்கியது. பக்கத்திலிருந்த ஜப்பானியப் பெரியவர்கள் இருவர் ஓடிவந்து தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் தலை கருங்கல் விளிம்பில் மோதியிருக்கும்.

படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைத்தோம். ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டார். பிறகுதான் கேட்டேன். தினமும் பிரஷர் மாத்திரை போடுகிறவர். அன்று இரவுச் சாப்பாட்டோடு இரண்டு கோப்பை சாக்கே, அதாவது ஜப்பானிய அரிசி மது. கை கழுவிய கையோடு நேராகக் குளியல். இதில் எதையும் நான் அவரிடம் முன்கூட்டிக் கேட்டு வைத்திருக்கவில்லை. அது என் தவறு.

தமிழ்நாட்டிலிருந்து ஜப்பானுக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துச் செல்வது என் தொழில். புறப்படும் முன் எல்லாக் குடும்பங்களும் தயங்கித் தயங்கிக் கேட்பது ஒன்றைத்தான்: "உடம்புல துணியே இல்லாமலா குளிக்கணும்?" ஆமாம், அப்படித்தான். கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பார்த்தவரை கூச்சத்தால் யாரும் மயங்கி விழவில்லை. சூட்டால் விழுந்திருக்கிறார்கள். அதனால் சூட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்சென் என்பது வெந்நீர் ஊற்று. ரியோகான் என்பது பாரம்பரிய விடுதி, பலவற்றில் அந்த நீர் வரும். தொட்டி நீர் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி இருக்கும். சில இடங்களில் அதற்கும் மேல். எண்ணைப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. நாம் வீட்டில் வாளியில் விளாவிக் குளிக்கிற வெந்நீரும் ஏறக்குறைய அதே சூடுதான். ஆனால் அது மேலே பட்டு வழிந்து போய்விடும். இங்கே உடம்பு முழுவதும் அதற்குள் மூழ்கியிருக்கிறது. சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இரத்த அழுத்தம் இறங்குகிறது. உட்கார்ந்திருக்கும் வரை நீரின் அழுத்தம் கால்களையும் வயிற்றையும் சுற்றி அமுக்கிப் பிடித்திருப்பதால் ஒன்றும் தெரியாது. எழுந்த நொடியில் அந்தப் பிடி விட்டுப்போகிறது. இரத்தம் காலுக்கு இறங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது. கண் இருட்டுகிறது. பிரஷர் மாத்திரையும் மதுவும் ஏற்கெனவே அழுத்தத்தை இறக்கி வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

குளிர்காலத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. சில்லென்ற உடை மாற்றும் அறையில் ஆடையைக் களையும்போது அழுத்தம் ஏறுகிறது, சூடான நீரில் இறங்கியதும் விழுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை வயதான இதயம் தாங்காமல் போகலாம். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தினமும் தொட்டியில் ஊறிக் குளித்தே பழகிய ஜப்பானியர்களிலேயே, 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆண்டுக்கு 4,000 பேருக்கு மேல் குளியல் தொட்டியில் மூழ்கி இறக்கிறார்கள். அந்த வயதினரில் சாலை விபத்தில் இறப்பவர்களைவிட இது அதிகம். அதனால்தான் அந்நாட்டின் நுகர்வோர் விவகார முகமை வீட்டுக் குளியலுக்கே சில எச்சரிக்கைகள் விடுக்கிறது: நீர் 41 டிகிரிக்குள் இருக்கட்டும், உள்ளே இருப்பது 10 நிமிடத்துக்குள் இருக்கட்டும், மது அருந்திவிட்டோ சாப்பிட்ட உடனேயோ இறங்க வேண்டாம், மெதுவாக எழுந்திருங்கள்.

"கூழானாலும் குளித்துக் குடி" என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த வரிசைதான் ரியோகானிலும் சரிப்படும். 3 மணிக்கு அறை கொடுப்பார்கள். போனவுடன் பச்சைத் தேநீரும் இனிப்பும் வைப்பார்கள். அதைச் சாப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன்பே குளித்து முடித்துவிடுங்கள். நாள் முழுக்கப் பேருந்தில் வந்த களைப்பு இருந்தால் முதல் குளியல் ஐந்து நிமிடம் போதும். நெஞ்சுக்கு மேல் நீர் ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை. பல தொட்டிகளில் உள்ளேயே ஒரு படி கட்டியிருப்பார்கள். வயதானவர்கள் அதில் அமர்ந்தால் நீர் இடுப்பளவில் நிற்கும். எழும்போது விளிம்பைப் பிடித்து, முதலில் அதன்மேல் உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து நிற்க வேண்டும். முக்கியமாக, பெரியவர்கள் யாரும் தனியாகப் போகக் கூடாது. விடிகாலை 5 மணிக்கு விழிப்பு வந்துவிட்டது என்று அப்பா மட்டும் சத்தமில்லாமல் எழுந்து போவார் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

உடை மாற்றும் அறைச் சுவரில் ஒரு பெரிய பலகை இருக்கும். நம்மவர்கள் அதைக் கடந்து போய்விடுவார்கள். ஜப்பானின் 1948-ஆம் ஆண்டு ஒன்சென் சட்டப்படி மாட்டியே ஆக வேண்டிய பலகை அது. நீரில் என்னென்ன தாது இருக்கிறது, யார் இறங்கக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். காய்ச்சலோடு இருப்பவர்கள், கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கும் இதய நோயாளிகள், கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள் இறங்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். கைப்பேசி மொழிபெயர்ப்பியை வைத்துப் பலகையைப் படிக்கலாமே என்று தோன்றும். அந்த அறையில் கேமராவை எடுக்கவே கூடாது. வரவேற்பு மேசையில் கேளுங்கள், சொல்வார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் ஊரிலேயே தங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவது நல்லது.

நீரும் இடத்துக்கு இடம் வேறு. குசாட்சு ஊரின் ஊற்று நீர் கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு அளவுக்கு அமிலத்தன்மை கொண்டது. அகிதா மாநிலத்துத் தமாகாவா ஊற்று அதைவிடக் கடுமை. கண்ணில் பட்டால் எரியும், மழித்த முகத்தில் சுள்ளென்று இருக்கும். கந்தக நீர் என்றால் பால்போல வெளுத்து, அவித்த முட்டை வாடை அடிக்கும். ஒருமுறை மதுரைப் பெண்மணி ஒருவர் அப்படியொரு தொட்டியிலிருந்து வந்து அறையில் காலை நீட்டிப் பார்த்தவர், கத்திவிட்டார். இரண்டு மெட்டியும் கரிபோலக் கறுத்திருந்தன. கல்யாணத்தில் போட்ட மெட்டி, அபசகுனமோ என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும், ஊருக்குப் போய்த் தட்டானிடம் கொடுத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று சொல்லித் தேற்றினோம். இப்போதெல்லாம் மெட்டி, கொலுசு, வெள்ளி அரைஞாண் எதுவானாலும் கழற்றி அறைப் பெட்டகத்தில் வைக்கச் சொல்லிவிடுகிறேன். கழற்ற மனமில்லாதவர்களைக் கந்தகம் இல்லாத ஊற்றுக்கு அழைத்துப் போகிறேன்.

சரி, குளிக்கும் முறை. தொட்டி அழுக்குப் போக்கும் இடமல்ல. அழுக்கைப் போக்கிவிட்டு உட்காரும் இடம். சுவரோரம் குழாய், சின்ன முக்காலி, வாளி, சோப்பு எல்லாம் வரிசையாக இருக்கும். முக்காலியில் உட்கார்ந்து தலை முதல் கால் வரை தேய்த்துக் குளித்து, நுரை ஒரு துளிகூட இல்லாமல் அலசிவிட்டுத்தான் இறங்க வேண்டும். தலையில் தேங்காயெண்ணெய் வைத்திருப்பவர்கள் இரண்டு தடவை ஷாம்பு போடுங்கள். எண்ணெய்ப் படலம் நீரில் மிதந்தால் அடுத்தவர் இறங்க மாட்டார். நீண்ட கூந்தலைத் தூக்கி முடிந்துகொள்ளுங்கள், நுனிகூட நீரில் படக் கூடாது. சின்ன டவலைத் தலைமேல் வைக்கலாம், நீரில் நனைக்கக் கூடாது. பனியன், நைட்டி, உள்ளாடை எதுவும் ஆகாது. ஊற்று நீர் அப்படியே வந்து வழிந்து போகும் தொட்டிகளில் பலவற்றில் குளோரின்கூடக் கலப்பதில்லை. நூறு பேர் இறங்கும் நீரைச் சுத்தமாக வைத்திருப்பது இந்த ஒழுங்குதான்.

பல விடுதிகளில் ஆண்கள் தொட்டியையும் பெண்கள் தொட்டியையும் இரவோடு இரவாக மாற்றிவிடுவார்கள். இரு பக்கத்துக் காட்சியையும் எல்லோரும் பார்க்கட்டும் என்பதற்காக. நேற்று இடது பக்கம் போனோமே என்று பழக்கத்தில் நுழைந்துவிடாதீர்கள். வாசல் திரையைப் பாருங்கள். ஆண் என்பதற்கான எழுத்தின் மேல்பாதி நான்கு கண்ணாடி வைத்த ஜன்னல் மாதிரி இருக்கும். அதை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் போதும். அப்புறம், மகளை அப்பாவோ மகனை அம்மாவோ தன்னோடு அழைத்துப் போவது பற்றி. முன்பு 10 வயது வரை விட்டார்கள். 2020 டிசம்பரில் அரசு வழிகாட்டுதலை மாற்றியதிலிருந்து 7 வயதாகிவிட்டால் பொதுவாக அனுமதி இல்லை.

கூட்டமாகக் குளிக்க முடியாதவர்களுக்குத் தனிக்குளியல் உண்டு. குடும்பத்துக்கு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு 45 நிமிடமோ 50 நிமிடமோ. சில இடங்களில் இலவசம், சில இடங்களில் சில ஆயிரம் யென். மாதவிலக்கு நாட்களில் இருப்பவர்கள் தொட்டியைத் தவிர்த்து அந்த அறையின் குழாயடியிலேயே நிம்மதியாகக் குளித்துக்கொள்ளலாம். நடக்கச் சிரமப்படும் பாட்டிக்குப் பேத்தி கைபிடித்து உதவலாம்.

பாட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது. கை முழுக்கப் பச்சை குத்திய பாட்டி ஒருவர் எங்களோடு வந்தார். முன்கையில் கோலப் புள்ளிகள், தேள், கணவர் பெயரின் முதலெழுத்து. ஜப்பானில் பச்சை குத்திய உடம்பைக் குற்றக் கும்பல்களோடு சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. 2015-இல் சுற்றுலா முகமை எடுத்த கணக்கில், பதிலளித்த விடுதிகளில் பாதிக்கு மேல், சுமார் 56 சதவீதம், பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை என்றன. பாட்டியின் கையைப் படமெடுத்து முன்பே விடுதிக்கு அனுப்பி, இது எங்கள் கிராமத்து வழக்கம் என்று எழுதினேன். தோல் நிறத்தில் ஒட்டும் பட்டைகள் தருகிறோம், வேண்டாமென்றால் தனிக்குளியல் தருகிறோம் என்று பதில் வந்தது. கினோசாகி ஊரின் பொதுக் குளியல்களில் இந்தத் தடையே கிடையாது. வாசலில் போய் நின்றுகொண்டு வாதாடினால் மட்டும் ஒன்றும் நடக்காது.

சாப்பாடும் இதே கதைதான். ரியோகான் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று, இரவு உணவும் காலை உணவும் சேர்த்து வாங்குவது. இரவு 6 அல்லது 6.30-க்கு இலை போட்ட மாதிரி எல்லாம் தயாராக இருக்கும். 8 மணிக்குப் போய் நின்றால் சமையலறை மூடியிருக்கும், பணமும் திரும்பாது. சைவம் என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்புவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை. அவர்கள் இறைச்சியை எடுத்துவிடுவார்கள். ஆனால் மிசோ சூப், வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் சாறு, எல்லாவற்றின் அடியிலும் தாஷி இருக்கும். காய்ந்த போனிட்டோ மீனைச் சீவி ஊறவைத்து எடுத்த சாறு அது. கும்பகோணத்து மாமி ஒருவருக்குச் சுடச்சுடப் பொரித்த டோஃபு வந்தது. அதன்மேல் மெல்லிய காகிதம்போல ஏதோ ஒன்று ஆவியில் நெளிந்து ஆடிக்கொண்டிருந்தது. "இது என்னப்பா, அசையறதே" என்றார். மீன் சீவல் என்று நான் சொன்னதும் கிண்ணத்தைத் தள்ளி வைத்தவர், அன்று வெறும் சோறும் ஊறுகாயும்தான் சாப்பிட்டார்.

இப்போது நான் ஒவ்வொன்றாக எழுதுகிறேன்: இறைச்சி கூடாது, மீன் கூடாது, மீன் சாறும் கூடாது, முட்டை கூடாது, பால் பரவாயில்லை. குறைந்தது பத்து நாள் முன்பு. முடியாது என்று சில விடுதிகள் நேர்மையாகப் பதில் எழுதுவார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் தேடுகிறேன். அசல் சைவம்தான் வேண்டும் என்பவர்களையும், புரட்டாசி விரதத்தில் வருபவர்களையும் கோயாசான் மலைக்கு அழைத்துப் போகிறேன். அங்கே சுமார் 50 கோயில்களில் தங்கலாம். கடற்பாசியும் காய்ந்த காளானும் ஊறவைத்த சாறில் சமைப்பார்கள். வெங்காயம் பூண்டுகூட இல்லை. கொண்டுவந்த பருப்புப் பொடியைச் சோற்றில் போட்டுக்கொள்ள எங்கேயும் தடை சொன்னதில்லை, கேட்டுவிட்டுச் செய்தால். ஆனால் அறையில் குக்கர் வைக்காதீர்கள். டடாமி பாய் வேய்ந்த அறை அது. புகை எச்சரிக்கை மணி அலறும், ஒரு தீப்பொறி பட்டாலும் பாயே போயிற்று.

இதயம் பலவீனமானவர்கள் எதுவும் இல்லாமல் திரும்ப வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். பெரும்பாலான ஒன்சென் ஊர்களில் தெருவோரத்திலேயே பாதக் குளியல் இருக்கிறது. வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, பாதத்தை மட்டும் வெந்நீரில் வைத்து உட்கார்ந்திருக்கலாம். மயங்கி விழுந்த அந்த ஈரோட்டுக்காரர் மறுநாள் காலை மனைவியோடு அங்கேதான் இருந்தார். கிளம்பும் நேரமாகிவிட்டது என்று மூன்று தடவை போய்க் கூப்பிட்டேன்.

அடுத்த மாதம் போகிற குழுவில் 72 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். போடுகிற மாத்திரைகளின் பட்டியலை அவர் மகன் அனுப்பிவிட்டார். மாலை 4 மணிக்குத் தனிக்குளியல் ஒன்றை மருமகளோடு சேர்த்துப் பதிவு செய்திருக்கிறேன். நீரின் சூட்டை 40 டிகிரிக்கு இறக்கித் தர முடியுமா என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு நேற்று பதில் வந்தது. முடியுமாம்.