பிரிட்ஜ் பிய்ந்து வந்த யுகுலேலே: கம்பி வாங்கும் முன் எடுக்க வேண்டிய ஓர் அளவு

போன சித்திரையில் ஒருநாள், பட்டறையை அடைக்கிற நேரத்தில் ஓர் அப்பாவும் பத்து வயது மகளும் வந்தார்கள். அப்பாவின் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் சோப்ரானோ யுகுலேலே ஒன்று. நான்கு கம்பியுள்ள, குட்டிக் கிட்டார் போன்ற வாத்தியம்; சோப்ரானோ அதன் சின்ன அளவு. தனியாக ஒரு பாலித்தீன் கவரில் அதன் பிரிட்ஜ், அதாவது மேல்பலகையில் ஒட்டி, கம்பியின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டை. பிரிட்ஜின் அடியில் மேல்பலகையின் மரமும் சிராய் சிராயாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கம்பியைத் தொட்டுப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எஃகு. அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் போடும் கம்பி, முனையில் இருக்கும் பித்தளைக் குண்டோடு பிரிட்ஜின் காடியில் சிக்கி நின்றது.

“பழைய கம்பி அறுந்துபோச்சுங்க. கடையில கேட்டதுக்கு, கம்பியெல்லாம் ஒண்ணுதான், கிட்டார் செட்டுல நாலை எடுத்துப் போட்டுக்கங்கன்னு குடுத்தாங்க. நானேதாங்க மாட்டுனேன்” என்றார்.

அந்தப் பெண் குழந்தை தரையைப் பார்த்தபடி, “நான்தான் ரொம்ப முறுக்கிட்டேன் மாமா” என்றாள்.

அவள் தப்பே செய்யவில்லை. போனில் ட்யூனர் வைத்து, அது காட்டிய சுருதிக்கு ஒழுங்காக ஏற்றியிருக்கிறாள். சரியாக ஏற்றப் போனதால்தான் பிரிட்ஜ் பிய்ந்தது. அதை அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லி முடிக்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அதையேதான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். என் மேசைக்கு வரும் யுகுலேலேக்களில் பெரும்பாலானவற்றுக்குக் கருவியில் கோளாறு இருப்பதில்லை. மாட்டியிருக்கும் கம்பியில்தான் இருக்கிறது. பெற்றோரோ “பிள்ளைக்குக் காது பத்தலை போல” என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கேட்கவே மனசு வலிக்கும்.

யுகுலேலே பிறந்த விதத்திலேயே இதற்கான பதில் இருக்கிறது. 1879 ஆகஸ்டில் போர்ச்சுகலின் மடேரா தீவிலிருந்து ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பல் ஹவாயின் ஹொனலூலுவுக்கு வந்தது. கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த அந்தக் கூட்டத்தில் மானுவேல் நூனஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சான்டோ, அகஸ்டோ டியாஸ் என்ற மூன்று மரத்தச்சர்களும் இருந்தார்கள். தங்கள் ஊரின் மஷேட் என்ற சின்னக் கருவியை மாதிரியாகக் கொண்டு, ஹவாயின் கோவா மரத்தில் அவர்கள் செய்யத் தொடங்கியதுதான் யுகுலேலே. அந்தக் காலத்தில் அதற்கு ஆட்டுக்குடல் நரம்புதான் கம்பி. மென்மையான அந்த இழுவைக்கு ஏற்ப, மேல்பலகை இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாக இழைக்கப்பட்டது. உள்ளே தாங்கு குச்சிகளும் ஒன்றிரண்டுதான். இன்றைக்கும் நல்ல யுகுலேலே அப்படித்தான் செய்யப்படுகிறது. அந்த மெல்லிய பலகைதான் அதன் குரல்.

(சங்கப் பாடல்களில் யாழின் தந்திக்கு நரம்பு என்றே பெயர். நம் கடலோரத்தில் தூண்டில் இழைக்கும் நரம்பு என்றுதான் பெயர். இந்த இரண்டும் கொஞ்சம் கீழே சந்திக்கும்.)

இப்போது அந்தக் கிட்டார் கம்பியின் கணக்கைப் பார்ப்போம். கம்பி 34.5 சென்டிமீட்டர் நீளத்துக்கு அதிரும் சோப்ரானோவில், அதற்கென்றே செய்த கம்பி நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 14 முதல் 16 கிலோ வரை இழுக்கும். அப்பா வாங்கிப் போட்டது கிட்டாரின் 12 செட். அதன் மெல்லிய கம்பியின் பருமன் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு என்பதுதான் அந்த எண். அதில் முதல் மூன்று கம்பிகளை ஏ, ஈ, சி சுருதிக்கு ஏற்றினாலே 18 கிலோ ஆகிவிடும். நான்காவதுதான் வினை. ட்யூனர் அங்கே மேல் ஸ்தாயி ஜி-யைக் கேட்கும். கிட்டாரின் தடித்த நான்காவது கம்பியை அந்த ஜி வரைக்கும் ஏற்றினால், அது ஒன்று மட்டுமே சுமார் 28 கிலோ இழுக்கும். குழந்தை பொறுமையாகச் சுருதி மரையைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். கம்பி தாங்கிவிட்டது, பலகை தாங்கவில்லை.

“மின் கிட்டாரின் மெல்லிய 10 செட் போட்டால்?” என்று கிட்டார் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நான்காவது கம்பியைக் கீழ் ஸ்தாயியிலேயே நிறுத்தினால், இழுவை நைலானுக்குக் கிட்டத்தட்ட சமமாகவே வரும். ஆனாலும் நான் போட மாட்டேன். எஃகு நீளாது, மரையை ஒரு நூல் திருப்பினாலே சுருதி தாவும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டில், அதாவது ஃப்ரெட்டில், அழுத்தும்போதும் அப்படியே தாவும். யுகுலேலேயின் சேடில் (பிரிட்ஜின் மேல் கம்பியைத் தாங்கும் சின்னப் பட்டை) அதற்கு ஈடுகொடுக்கும்படி வைக்கப்பட்டதில்லை. பிரிட்ஜின் மரத்தை அது அறுக்கும், மலிவான கருவிகளின் மெல்லிய பித்தளை ஃப்ரெட்டில் பள்ளம் போடும். எஃகுக் கம்பிக்கென்றே செய்த மின் யுகுலேலேக்கள் உண்டு. உங்கள் கருவி அந்த வகை என்று அதைச் செய்தவர் சொல்லாத வரை, எஃகு வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? கடைக்குப் போகும் முன் வீட்டில் ஓர் அளவு எடுங்கள். கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் காடிப் பட்டைக்கு நட் என்று பெயர். கம்பி அந்த நட்டை விட்டு இறங்கும் இடத்திலிருந்து 12-வது ஃப்ரெட் வரை அளந்து, அதை இரட்டியுங்கள். அதுதான் கம்பி அதிரும் நீளம். 33 முதல் 35 சென்டிமீட்டர் வரை என்றால் சோப்ரானோ. 38 அளவில் கான்சர்ட், 43 அளவில் டெனர். 48-க்கு மேல் போனால் பாரிடோன். உடம்பின் அகலத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சோப்ரானோ உடம்பில் கான்சர்ட் கழுத்து வைத்த கருவிகளும் சந்தையில் கிடைக்கின்றன.

இந்த அளவை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம், இழுவை நீளத்தின் வர்க்கத்தில் ஏறும். அதே கம்பி, அதே சுருதி, 34.5-லிருந்து 43-க்கு நீளம் கூடினால் இழுவை ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும். சோப்ரானோ செட்டை டெனரில் போட்டவர்கள் “விரலெல்லாம் வலிக்குதுங்க” என்று வருவது இதனால்தான். டெனர் கழுத்துக்கு அந்தக் கம்பியின் நீளமே பத்தாமல் போவதும் உண்டு. பாரிடோன் தனி ரகம். அதன் வழக்கமான சுருதி டி, ஜி, பி, ஈ. அதாவது கிட்டாரின் முதல் நான்கு, மெல்லிய கம்பிகளின் சுருதி. அதற்குப் பாரிடோன் என்று போட்ட செட்தான் வேண்டும்.

அடுத்தது பொருள். குடல் நரம்புக்கு மாற்றாக 1940-களில் நைலான் வந்தது. நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் முதலில் கிட்டாருக்கு அதில் கம்பி செய்தார். நைலான் குரல் மென்மையானது, விரலுக்கும் இதம். ஆனால் நன்றாக நீளும், நிலைக்க நாளாகும். இத்தாலியின் அக்விலா நிறுவனம் செய்யும் நைல்கட், குடல் நரம்பின் அடர்த்தியை ஒட்டி வரும்படி உருவாக்கிய செயற்கை இழை. வெள்ளையாக, சற்றே சொரசொரப்பாக இருக்கும். சத்தம் கணீரென்று வரும். நட்டின் காடி கூராக இருந்தால் மட்டும் அந்த இடத்தில் அறும்.

மூன்றாவது ஃபுளோரோகார்பன். கடலோர நரம்பு இங்கேதான் வந்து சேர்கிறது. இது தூண்டில் இழைக்குப் பயன்படும் அதே பொருள். நைலானின் அடர்த்தி 1.14 என்றால் இது 1.78. அதனால் அதே சுருதிக்கும் அதே இழுவைக்கும் ஐந்தில் ஒரு பங்கு மெலிந்த கம்பியே போதும். மெலிந்த கம்பி மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி சுத்தமாகப் பேசும், ஈரத்தை உறிஞ்சாது. மலிவான சோப்ரானோவைக் கொண்டுவந்து “இதை எப்படியாவது கேக்கற மாதிரி பண்ணுங்க” என்பவர்களுக்கு நான் முதலில் போட்டுப் பார்ப்பது இதைத்தான். பலமுறை அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. மிகச் சின்னக் குழந்தை என்றால் மட்டும் நைலான் அல்லது நைல்கட். மெல்லிய கம்பி பிஞ்சு விரலில் பதியும்.

இதில் இரண்டு குழப்பங்கள். கறுப்பாக இருந்தால் கார்பன் என்று சொல்லி விற்கிறார்கள். நிறத்துக்கும் பொருளுக்கும் சம்பந்தமே இல்லை; சாயம் போட்ட நைலானும் கறுப்புதான். உறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். இரண்டாவது, மீன்பிடி சாமான் கடையில் சல்லிசாகக் கிடைக்கும் நைலான் நரம்பைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள். நல்ல ஃபுளோரோகார்பன் தூண்டில் இழையை அளந்து, தேர்ந்தெடுத்துப் போடும் தேர்ந்த வாசிப்பாளர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மலிவான நரம்பு நெடுக ஒரே பருமனாக இருக்காது. பருமன் மாறும் கம்பியில் எந்த ஃப்ரெட்டிலும் சுருதி நிற்காது.

ஜி கம்பிக்கு வருகிறேன். “நாலாவது கம்பி தடிமனா இருக்க வேண்டாமா? செட்டுல ஏதோ மாறி வந்திருக்கு” என்று உறையோடு வந்து நிற்பவர்கள் நிறைய. மாறி வரவில்லை. யுகுலேலேயின் மரபான சுருதியில் நான்காவது கம்பி மேல் ஜி, 392 ஹெர்ட்ஸ். முதல் கம்பியான ஏ-க்கு ஒரு ஸ்வரம்தான் கீழே. அதனால் மெலிந்துதான் இருக்கும். தடித்தது மூன்றாவதான சி. இதை அறியாமல் வயலின் மாதிரி தடிமன் வரிசையில் மாற்றிக் கட்டி, சுருதி சேராமல் தவிக்கிறார்கள்.

ஜி-யை ஒரு ஸ்தாயி இறக்கி, 196 ஹெர்ட்ஸில் வைப்பதும் உண்டு. அதற்கு ‘லோ ஜி’ என்று போட்ட செட் தனியாக வாங்க வேண்டும். மேல் ஜி கம்பியையே இறக்கினால் தொளதொளவென்று தொங்கும். லோ ஜி கம்பியை மேலே ஏற்றினால் இழுவை நான்கு மடங்காகும். முதலில் சொன்ன பிரிட்ஜுக்கு நடந்தது அதற்கு நெருங்கிய உறவு.

யாருக்கு எது? கம்பிகளை ஒருசேர வருடி (ஸ்ட்ரம் செய்து) பாட்டுக்குத் துணையாக வாசிப்பவர்களுக்கு மேல் ஜி. யுகுலேலே என்றதும் காதில் விழும் அந்தத் துள்ளல் அதில்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் பலரும் சினிமாப் பாட்டின் மெட்டை அப்படியே வாசிக்க ஆசைப்படுகிறார்கள். கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகள் கீர்த்தனை வாசித்துப் பார்க்கிறார்கள். சி-யை ஸட்ஜமாக வைத்தால் மேல் ஜி கருவியில் அதற்குக் கீழே ஒரு ஸ்வரமும் கிடையாது. மந்தர நிஷாதத்தைக்கூடத் தொட முடியாது. லோ ஜி போட்டால் மந்தர பஞ்சமம் வரை இறங்கலாம். மெட்டு வாசிக்கத் தவிக்கும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அவர்கள் முகத்தில் பார்த்திருக்கிறேன். டெனரிலும் கான்சர்ட்டிலும் நன்றாக வரும். சோப்ரானோவின் சின்ன வயிற்றில் அந்தச் சுருதி அடங்கித்தான் ஒலிக்கும், நான் பரிந்துரைப்பதில்லை. லோ ஜி-யில் உலோகம் சுற்றியதும் உண்டு, சுற்றாததும் உண்டு. சுற்றியதற்கு உரசல் சத்தம் கொஞ்சம் இருக்கும், வியர்வையில் சீக்கிரம் மங்கும். சுற்றாத ஃபுளோரோகார்பன் தடித்து இருப்பதால் நட்டின் காடியை அகலப்படுத்த வேண்டிவரும்.

நட் விஷயத்தை லேசாக விட்டுவிடாதீர்கள். தடித்த நைலானுக்கு வெட்டிய காடியில் மெல்லிய கம்பி போட்டால் அது தாழ இறங்கி, முதல் ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். குறுகிய காடியில் தடித்த கம்பி போட்டால் மேலே தொக்கி நிற்கும். முதல் ஃப்ரெட்டில் எதை அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும். கம்பி மாற்றிய அன்றே கருவி கெட்டுவிட்டதாகத் தோன்றினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அரத்தை எடுத்து நீங்களே ராவ வேண்டாம். ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

மாட்டும்போது ஒரு கம்பியைக் கழற்றி, புதியதைக் கட்டி, பிறகு அடுத்ததற்குப் போங்கள். மொத்தமாகக் கழற்றினால் ஒட்டாமல் வைத்திருக்கும் சேடில் விழுந்து தொலையும். ஃபுளோரோகார்பன் வழவழப்பானது, கட்டும் பிரிட்ஜில் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றுங்கள். முடிச்சு நழுவினால் கம்பியின் முனை சாட்டை மாதிரி பலகையில் அடித்துக் குழி போடும். புதுக் கம்பி சில நாள் சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், ஒரு வாரம்கூட ஆகலாம். மரை கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பழைய கம்பியின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவுங்கள். ஃப்ரெட் படும் இடங்களில் பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

அந்தச் சோப்ரானோவின் பலகையில் பிய்ந்த சிராய்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தி, உள்ளே ஒரு மெல்லிய தட்டு வைத்து ஒட்டி, பிரிட்ஜைப் பிடிப்பித்து எடுக்கப் பத்து நாள் ஆயிற்று. ஃபுளோரோகார்பன் செட் போட்டேன். வாங்க வந்த அன்று அவளையே சுருதி சேர்க்கச் சொன்னேன். நான்காவது கம்பிக்கு வந்ததும் கை நின்றது. அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஏத்து கண்ணு, இது அதுக்குன்னே செஞ்ச கம்பி” என்றேன். ஏற்றினாள். 392-க்கு வந்து நின்றது.

நான் பழுது பார்த்து அனுப்பும் ஒவ்வொரு கருவியின் பைக்குள்ளும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டுவது வழக்கம். அதில் ‘34.5 செ.மீ., சோப்ரானோ, மேல் ஜி, எஃகு கூடாது’ என்று எழுதி ஒட்டினேன். அப்பா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். கம்பி விற்ற கடைக்காரருக்கும் அனுப்பப்போவதாகச் சொன்னார்.