யார் பார்க்கிறார்கள்? விசுவாசமும் பெண்ணின் உடல் பிம்பமும்

1998இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், கல்லூரி மாணவிகள் சிலருக்கு நீச்சலுடையும் மற்றவர்களுக்குக் கம்பளிச் சட்டையும் கொடுத்து, ஆளுயரக் கண்ணாடி மாட்டிய அறைக்குள் ஒவ்வொருவராக அனுப்பினார்கள். உடையை அணிந்தபடியே அவர்கள் கணக்குத் தேர்வு எழுத வேண்டும். நீச்சலுடை அணிந்தவர்கள் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். இதே சோதனைக்கு உட்பட்ட ஆண்களிடம் அந்தச் சரிவு தென்படவில்லை. அறையில் வேறு ஒருவரும் இருக்கவில்லை என்பதுதான் இந்தச் சோதனையின் சூட்சுமம். பார்வையாளர் அந்தப் பெண்ணின் தலைக்குள் இருந்தார்.

இதை விளக்கும் கோட்பாட்டை பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற உளவியலாளர்கள் ஓராண்டு முன்னரே எழுதியிருந்தார்கள். உடலை வைத்தே தன்னை எடைபோடும் சமூகத்தில் வளரும் பெண், காலப்போக்கில் அந்த அந்நியப் பார்வையைத் தனதாக்கிக்கொள்கிறாள். 'நான் எப்படி உணர்கிறேன்' என்ற கேள்வியை 'நான் எப்படித் தெரிகிறேன்' என்பது தள்ளிவிடுகிறது. இந்த ஓயாத கண்காணிப்பு கவனத்தைத் தின்கிறது, வெட்கத்தை வளர்க்கிறது. தன் மதிப்பை அறிய மனிதர்கள் பிறரோடு ஒப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே சொல்லிவிட்டார். ஒப்பிடக் கிடைப்பவை திருத்தி மெருகேற்றிய படங்களாக இருந்தால் தோல்வி முன்பே தீர்மானிக்கப்பட்டதுதான்.

இந்த இயந்திரத்துக்குள் கிறிஸ்தவ விசுவாசம் எந்த இடத்தில் நுழைகிறது? பலரும் உடனே நினைப்பது அடக்கமான உடையையும் ஒப்பனைத் தடையையும்தான். ஆய்வுகளைப் பார்த்தால் பலன் தரும் இடம் அதுவன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. விசுவாசம் தொடுவது அந்த உள்பார்வையாளரை.

கிறிஸ் பாயாட்ஸிஸும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட பரிசோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாணவிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழு, கடவுள் தங்கள் உடலைப் படைத்து நேசிக்கிறார் என்ற வாசகங்களைப் படித்தது. இரண்டாவது குழுவுக்கும் உடலைப் போற்றும் வாசகங்கள்தான். அவற்றில் கடவுள் இல்லை. மூன்றாவது குழு கல்லூரி வளாக விவகாரங்களைப் படித்தது. மெலிந்த மாடல் அழகிகளின் படங்களையும் மூன்று குழுக்களுக்கும் காட்டினார்கள். கடவுளைப் பற்றிய வாசகங்களைப் படித்தவர்களே தங்கள் தோற்றத்தைப் பற்றி மிக நன்றாக உணர்ந்தார்கள். 'நீ அழகாய் இருக்கிறாய்' என்ற பாராட்டு, சொல்பவரின் தராசிலேயே நம்மை மறுபடி ஏற்றுகிறது. 'பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டேன்' என்ற பைபிளின் 139ஆம் சங்கீதமோ போட்டியையே கலைத்துவிடுகிறது. படைப்பு என்ற தகுதியில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. 'மனுஷன் முகத்தைப் பார்ப்பான்; கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்' என்ற சாமுவேல் புத்தக வசனம் பார்வையாளரையே மாற்றிவிடுகிறது. ஒரு தடவை வாசித்ததால் கிடைத்த நல்லுணர்வு எத்தனை நாள் நீடிக்கும் என்பது வேறு விஷயம்.

ஆனால் எல்லாம் அந்தக் கடவுள் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்திருக்கிறது. குழந்தை தாயோடு கொள்ளும் பிணைப்பே அதன் பாதுகாப்புணர்வுக்கு அடித்தளம் என்று உளமருத்துவர் ஜான் பௌல்பி சொன்னதை, பின்வந்தவர்கள் கடவுளோடு கொள்ளும் உறவுக்கும் நீட்டினார்கள். கடவுள் தன்னை ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று உறுதியாக உணரும் பெண்களை, மெலிய வேண்டும் என்ற சமூக அழுத்தம் அவ்வளவாக அசைப்பதில்லை என்று கிறிஸ்டின் ஹோமன் போன்றவர்களின் ஆய்வுகள் காட்டுகின்றன. கடவுள் கைவிட்டுவிடுவாரோ என்று அஞ்சுகிறவர்களுக்கு அந்தக் கவசம் இல்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பும் இதே திசையில்தான் நிற்கிறது: ஆழமாய் உள்வாங்கிய நம்பிக்கை காக்கிறது, மேம்போக்கான, பதற்றம் நிறைந்த பக்தியோ உடல் அதிருப்தியோடும் கோளாறான உணவுப் பழக்கத்தோடும் சேர்ந்தே காணப்படுகிறது.

பதறும் பக்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. 'உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம்' என்ற பவுலின் வார்த்தையை, உடலைப் பரிவோடு நடத்து என்றும் படிக்கலாம். இடுப்பளவைக் கணக்குக் காட்டு என்றும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்புக்கு அமெரிக்காவில் சந்தையே உருவானது. 1957இல் சார்லி ஷெட் என்ற போதகர் ஜெபித்து எடை குறைக்கும் வழியைப் புத்தகமாக எழுதினார். எடை ஆத்துமாவின் அளவுகோலாகிவிட்டால், விளம்பரப் பலகை செய்த வேலையைப் பிரசங்க பீடம் செய்யத் தொடங்குகிறது. அதுவும் மேல்முறையீட்டுக்கு இடமில்லாத நீதிபதியின் பெயரால்!

பதினான்காம் நூற்றாண்டு இத்தாலியப் புனிதரான சியன்னாவின் கத்தரீன் இன்னும் சிக்கலானவர். திருமண வற்புறுத்தலுக்கு எதிராகத் தன் கூந்தலை வெட்டிக்கொண்ட இந்தப் பெண், பிற்காலத்தில் உணவை ஏறக்குறைய முற்றாகத் துறந்து, 1380இல் 33 வயதில் இறந்தார். ருடால்ஃப் பெல் என்ற வரலாற்றாசிரியர் இதை, எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவை மறுக்கும் இன்றைய பசியின்மை நோயோடு ஒப்பிட்டார். மற்றொரு வரலாற்றாசிரியரான கரோலின் வாக்கர் பைனம் அதை ஏற்கவில்லை. இடைக்காலப் பெண்களின் உபவாசத்துக்கு அவர்கள் காலத்தின் சமயப் பொருள் இருந்தது என்றார். எனக்கு பைனமின் எச்சரிக்கை நியாயமாகப் படுகிறது. கத்தரீன் மெலிந்தது எவர் கண்ணுக்கும் அழகாய்த் தெரிவதற்காக அன்று.

உடை விதிகளுக்கு வருவோம். பேதுருவின் முதல் நிருபம் பின்னிய கூந்தலையும் பொன்னாபரணத்தையும் விட்டு உள்ளான மனிதனை அலங்கரிக்கச் சொல்கிறது. ஒரு பெண் இதை விடுதலையாக ஏற்றால் கண்ணாடிமுன் நிற்கும் நேரம் குறையும். ஆனால் 'உன் உடை பிறரை இடறச் செய்கிறதா என்று பார்த்துக்கொள்' என்று அவளுக்கு ஓயாமல் நினைவூட்டினால், ஃபிரெட்ரிக்சன், ராபர்ட்ஸ் கோட்பாட்டின்படி நடப்பது நேர்மாறானது: பாவாடையின் நீளத்தைச் சரிபார்க்கும் கண்ணும் இடுப்பின் சுற்றளவைச் சரிபார்க்கும் கண்ணும் வெளியிலிருந்துதான் பார்க்கின்றன.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கல்லூரி மாணவிகளை வைத்துச் செய்யப்பட்டவை. பலவும் ஒரே தருணத்தில் கேள்வித்தாள் வழியாக எடுக்கப்பட்டவை. உறுதியான நம்பிக்கை உடலோடு சமாதானத்தைத் தருகிறதா, ஏற்கெனவே தன்னோடு சமாதானமாய் இருப்பவளுக்கு அன்பான கடவுளை நம்புவது எளிதாகிறதா என்பதை அத்தகைய தரவுகளால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய உடலையும் நரைக்கும் தலையையும் கொண்ட பெண்களிடம் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் அந்த முடிச்சு கொஞ்சமாவது அவிழும்.