சும்மா கிடக்கும் நிலம் பார்க்கும் வேலை

1961இல் உதகமண்டலத்துக்கு அருகே உருளைக்கிழங்கு வேரில் ஒட்டியிருந்த ஒரு புழுவை இங்கிலாந்து ஆய்வாளர் ஜோன்ஸ் அடையாளம் கண்டார். இந்தியாவில் அதற்கு முன் பதிவாகாத புழு. செடியைப் பிடுங்கினால் வேர் மேல் பொடிப்பொடியான மஞ்சள் மணிகளாகத் தெரியும். அதனால் தங்க நூற்புழு என்று பெயர். புழு ஏறிய தோட்டத்தில் செடி திட்டுத்திட்டாகக் குட்டையாகும், வெயில் ஏறினால் வாடும், கிழங்கு கோலிக்குண்டு அளவிலேயே நின்றுவிடும். மண்ணில் சத்து போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். மூட்டை மூட்டையாக உரம் போட்டாலும் தேறாது.

நீலகிரி விவசாயம் முன்பு எப்படி நடந்தது, அதில் தரிசுக்கு என்ன வேலை இருந்தது என்று கேட்டால் நான் இந்தப் புழுவிலிருந்துதான் தொடங்குவேன்.

பெண் புழு வேருக்குள் தலையை நுழைத்து, இருந்த இடத்திலேயே இருந்து சாறு உறிஞ்சும். உடல் உருண்டையாகப் பருத்து வேருக்கு வெளியே பிதுங்கும். அது செத்த பிறகு தோல் தடித்துப் பழுப்பு நிறக் கூடாகிறது. அரை மில்லிமீட்டர் கூட்டுக்குள் 200 முதல் 500 முட்டைகள் வரை இருக்கும். செடி காய்ந்ததும் கூடு மண்ணில் உதிரும். உள்ளே இருக்கும் முட்டைகள் 20 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கக்கூடியவை.

முட்டைக்குள் இளம்புழு உருவாகித் தயாராகவே இருக்கிறது, ஆனால் வெளியே வராது. உருளைக்கிழங்கு வேரிலிருந்து கசியும் சில வேதிப்பொருள்கள் மண்ணீரில் கரைந்து வந்து முட்டையைத் தொட்டால்தான் பெருமளவில் பொரிக்கும். தக்காளி, கத்தரி வேருக்கும் விழித்துக்கொள்ளும், ஏனென்றால் அவையும் அதே குடும்பம். கேரட்டோ முட்டைக்கோசோ பீன்ஸோ நட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் எல்லா முட்டையும் அப்படிக் காத்திருப்பதில்லை. செடியே இல்லாத ஆண்டிலும் கொஞ்சம் முட்டைகள் தாமாகப் பொரித்து, தின்ன வேர் கிடைக்காமல் மடிகின்றன. குளிர்ந்த மண்ணில் இது ஆண்டுக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக் கணக்குப் போடலாம். 100 முட்டை இருந்த இடத்தில் ஓராண்டு கழித்து 67, அப்புறம் 45, மூன்றாம் ஆண்டு 30, நான்காம் ஆண்டு 20. ஐந்தாம் ஆண்டு முடிவில் 13. அந்த நிலையில் ஒருமுறை கிழங்கு போட்டால் பெரிய சேதம் இருக்காது. அறுவடைக்குப் பின் புழு மறுபடி பல மடங்கு பெருகியிருக்கும், ஆகவே திரும்பவும் சில ஆண்டு இடைவெளி விட வேண்டும்.

இந்தப் புழுவின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. உருளைக்கிழங்குக்கும் அதுதான் சொந்த ஊர். இரண்டும் ஒரே மண்ணில் இருந்தும் அந்த மலைக் குடியானவர்கள் பல ஆயிரம் ஆண்டுகள் கிழங்கு தின்றே வாழ்ந்திருக்கிறார்கள். ஊர் நிலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து, இந்த ஆண்டு எல்லாக் குடும்பமும் இந்தப் பகுதியில்தான் கிழங்கு போட வேண்டும் என்று ஊரே முடிவு செய்யும். அடுத்த ஓரிரு ஆண்டு அங்கே வேறு பயிர். பிறகு பல ஆண்டுகள் தரிசு. லாமாவும் ஆடும் அதில் மேயும். முட்டையை யாரும் பார்த்ததில்லை. சீக்கிரம் திரும்பி வந்தால் விளைச்சல் படுத்துவிடும் என்பது மட்டும் தெரியும், அது போதுமானதாக இருந்தது.

இடைக்கால ஐரோப்பாவின் பல ஊர்களில் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு நிலம் ஓய்வில் கிடந்தது. நம் குறிஞ்சி நிலத்துத் தினைப்புனமும் காட்டைச் சுட்டு விதைத்து, சில ஆண்டு கழித்து விட்டுப்போகும் வகைதான்.

நீலகிரியில் படகர்கள் ராகியும் சாமையும் கொரலியும் விளைவித்த காலத்தில் இந்தப் புழு இங்கே இல்லை. ஆனாலும் அவர்கள் ஒரு நிலத்தைச் சில ஆண்டு உழுதுவிட்டு வேறு நிலத்துக்குப் போனார்கள். அதற்குக் காரணம் மண். மழை அதிகமான மலைச்சரிவில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்து ஓடிவிடும், மண் புளிக்கும், அதாவது அமிலத்தன்மை ஏறும். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்துவைத்துக்கொள்வதால், மணிச்சத்து மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைக்காது. தரிசில் முளைக்கும் புல்லும் புதரும் ஆழத்திலிருந்து சத்தை மேலே இழுத்துத் தம் உடம்பில் சேர்த்துவைக்கும். வெட்டிச் சுட்டால் அதன் சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைக்கும், சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) தரும். போதாததற்கு எருமையும் மாடும் மேய்ந்து சாணம் போடும். வேர்ப்பின்னல் இருக்கும்வரை மேல்மண் மழையோடு ஓடாது. இத்தனை வேலையும் சும்மா கிடக்கும் நிலத்தில் நடந்தது.

விளைந்த தானியமும் ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. கோத்தர்கள் இரும்புக் கருவியும் பானையும் செய்து கொடுத்தார்கள், தோடர்களிடமிருந்து நெய் வந்தது, குறும்பர்களிடமிருந்து காட்டுப் பொருள்கள் வந்தன. பதிலுக்குப் படகர் வீட்டிலிருந்து தானியம் போனது. கோத்தருக்கு அது மண்வெட்டிக்கு இத்தனை படி என்ற விலையாகப் போகவில்லை. அறுவடையில் ஒரு பங்காகப் போனது. விளைச்சல் குறைந்த ஆண்டில் பங்கும் குறையும். நட்டத்தை எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்தார்கள். இதை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஏற்றத்தாழ்வும் பயமும் அதற்குள் உண்டு.

1820களில் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் உருளைக்கிழங்கு மலைக்கு வந்தது. அந்தந்த ஆண்டு உழுத பரப்புக்கு மட்டும் தீர்வை கட்டி, நிலத்தைச் சுழற்றிக்கொள்ளும் பழைய ஏற்பாட்டை 19ஆம் நூற்றாண்டிலேயே அரசு ஒழித்தது. பட்டா நிலம் நிலையானது, தீர்வையும் நிலையானது, தரிசுக்கும் கட்டியாக வேண்டும். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போனால் கிழங்கு காசாகும். கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று ஆண்டில் மூன்று முறை நடவு நடக்கும் மலை இது. ஒரே துண்டு நிலத்தில் கிழங்குக்குப் பின் கிழங்கு வந்தால் புழுவுக்கு வேறென்ன வேண்டும்?

ஓய்வு கொடுத்திருக்கலாமே என்று கேட்பது சுலபம். ரஷ்யப் பொருளியலாளர் அலெக்சாந்தர் சயானோவ் 1920களில் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். குடியானவர் குடும்பம் கம்பெனி மாதிரி லாபக் கணக்குப் போடுவதில்லை. வீட்டில் எத்தனை வாய், வேலை செய்ய எத்தனை கை என்று பார்க்கும். பசி தீரும்வரை உடம்பை வருத்தும். கூலி கணக்கில் நட்டம் என்றாலும் பயிர் செய்யும். (அவரை ஸ்டாலின் அரசு 1930இல் கைது செய்து 1937இல் சுட்டுக் கொன்றது.) அரை ஏக்கர் வைத்திருப்பவர் ஐந்தில் நான்கு பங்கைத் தரிசு விட்டால் மிச்சம் 10 சென்ட். அதை வைத்துக் குடும்பம் ஓடாது. தரிசு என்பது ஊர் அளவில் வேலை செய்யும் தொழில்நுட்பம், தனிப்பட்டாவுக்குள் அடங்காது. அதோடு மேல்தோட்டத்து மண் மழையில் இறங்கினால் புழுவின் முட்டைக்கூடும் சேர்ந்தே இறங்கும். ஒருவர் மட்டும் ஒழுங்காக இருந்தும் முழுப் பலன் இல்லை.

அதனால் விஞ்ஞானிகள் தரிசின் வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சத்துக்கு உரம், புளிப்புக்குச் சுண்ணாம்பு. புழுவுக்கு, கிழங்குக்கு நடுவே கேரட், முட்டைக்கோசு, பீன்ஸ், பூண்டு என்று மாற்றிப் போடுவது. இவற்றைவிட எனக்குச் சுவாரசியமானது 1985இல் வெளியான குஃப்ரி ஸ்வர்ணா என்ற கிழங்கு ரகம். ஊட்டிப் பக்கம் முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இந்தப் புழுவை வைத்தே பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறது. எதிர்ப்புச் சக்தியுள்ள ரகத்தின் வேரும் வேதிப்பொருளைக் கசியும், முட்டை பொரிக்கும், புழு உள்ளே நுழையும். ஆனால் அது உணவெடுக்க உண்டாக்கும் செல் திரளைச் சுற்றியுள்ள திசுவைச் செடியே சாகவிடுகிறது. பெண் புழு பட்டினியில் நின்றுபோகிறது. தரிசு முட்டை தானாகப் பொரிக்கும்வரை காத்திருக்கும். இந்த ரகம் எழுப்பிவிட்டுக் கொல்லும், அதனால் புழு இன்னும் வேகமாகக் குறைகிறது. அதையே ஓயாமல் போட்டாலும் சிக்கல்தான்: எதிர்ப்பை மீறத் தெரிந்த புழுக்கள் மட்டும் தங்கிப் பெருகும். இதற்கும் பயிர் மாற்றம் வேண்டும்.

பலர் கிழங்கையே விட்டுவிட்டுத் தேயிலைக்குப் போனார்கள். தேயிலை வேர் இந்தப் புழுவுக்கு ஆகாது, ஆகவே புழுவைப் பொறுத்தவரை தேயிலைத் தோட்டம் நீளமான ஒரு தரிசு. விவசாயிக்கு அப்படியில்லை. பறித்த பச்சைத் தேயிலையை இருப்பு வைக்க முடியாது, அன்றன்றைக்குத் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும், விலை அங்கே என்னவோ அதுதான். விலை படுத்தபோது செடியைப் பிடுங்கிவிட்டு மறுபடி கிழங்கு போட நினைப்பவர், முதலில் தோட்டத்தின் நாலைந்து இடத்தில் மண் எடுத்து, நூற்புழுப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுவது நல்லது. மண்ணை நீரில் கரைத்துச் சலித்தால் கூடுகள் சல்லடையில் தங்கும். எத்தனை, அவற்றில் எத்தனை உயிரோடு என்று எண்ணிச் சொல்லிவிடுவார்கள்.