பனிக்காலத்தில் கறிவேப்பிலையைக் கொல்வது தண்ணீர்தான்

ரொறன்ரோவில் நான் வேலைசெய்யும் செடி விற்பனையகத்தில், ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் எங்கள் தமிழ் ஆட்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: “கறிவேப்பிலை எல்லாம் கொட்டுது, என்ன பசளை போடலாம்?” பசளை வேண்டாம் என்பேன். தண்ணீரையும் குறைக்கச் சொல்வேன்.

வீட்டுக்குள் சூடு இருக்கிறதே, பிறகேன் இலை கொட்டுகிறது? வெளிச்சம் போதாது. யாழ்ப்பாணத்தில் டிசம்பரில்கூடப் பகல் 11 மணி நேரத்துக்குக் குறையாது. இங்கே 9 மணி நேரம்தான். அதிலும் நண்பகற் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை அளவுக்கே ஏறும். வெளிச்சம் குறைந்தால் இலை உணவு செய்வது குறையும், வேர் தண்ணீர் இழுப்பதும் குறையும். வாடுகிறதே என்று பயந்து நாங்கள் தினமும் ஊற்றுகிறோம். காயாத மண்ணில் காற்றுப் புகாது, வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீர் எடுக்காததால் இலை இன்னும் வாடும். அதைக் கண்டு மேலும் ஊற்றுவோம். என்னிடம் வரும் பட்டுப்போன செடிகளைச் சாடியிலிருந்து கழற்றினால், பெரும்பாலும் வேர் கறுத்து நாறும்.

விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றவே வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையால் வடியுமட்டும் ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

தெற்குப் பார்த்த யன்னல் நல்லது. ஆனால் குளிர்ந்த கண்ணாடியில் இலை முட்டக்கூடாது, ஹீற்றர் காற்று நேரே அடிக்கவும் கூடாது. வெள்ளை எல்.ஈ.டி. விளக்கொன்றைச் செடிக்கு ஓரடி மேலே தொங்கவிட்டு, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிட்டால் இன்னும் நல்லது.

வறண்ட காற்றில் சிலந்திப்பேன் பெருகும். இலையில் வெளிறிய புள்ளிகளும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால், குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்புறம் படும்படி தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். கிழமைக்கொரு தடவை, பேன் போகுமட்டும். பூச்செடிக்கு விற்கும் பூச்சிமருந்தை மட்டும் தயவுசெய்து அடிக்காதீர்கள். அந்த இலையைத்தான் நாளைக்குத் தாளிக்கப் போகிறீர்கள், பிள்ளைகள் சாப்பிடப் போகிறார்கள்.

துளசியும் குளிர் தாங்காது, யன்னல் ஓரக் குளிரிலேயே இலை கறுத்துவிடும். கற்பூரவள்ளி ஓரளவு சமாளிக்கும், அதற்கும் தண்ணீர் அதிகம் ஆகாது. உடனே பச்சை வேண்டுமென்றால் ஒரு தட்டில் வெந்தயம் விதையுங்கள். சில கிழமைகளில் கீரை கிள்ளலாம்.

மொட்டையாகிவிட்டது என்று கறிவேப்பிலையை எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மார்ச்சில் பகல் நீண்டுவரத் துளிர் வரும். பசளையை அப்போது, பாதி அளவில் போடுங்கள். இரவில் வெப்பம் 10 பாகை செல்சியசுக்கு மேல் நிலைத்த பிறகே வெளியே எடுக்கலாம். அப்போதும் முதல் ஒரு கிழமை நிழலில் வையுங்கள். யன்னல் வெளிச்சத்துக்குப் பழகிய இலை நேர் வெயிலில் கருகும்.