மூடி விழுந்த ஒரு வினாடி

டப்பா மூடி ஒன்று தரையில் சுழல்கிறது. அதைச் சுழற்றிவிட்ட இரண்டரை வயதுப் பையன் குனிந்து அதன் விளிம்பையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் அம்மா. “கண்ணா, இது என்ன கலரு? இங்க பாரு, பந்து பாரு. பந்து சொல்லு, பந்து...” அவன் திரும்பவே இல்லை. அரிசி டின்னில் சாய்த்து வைத்த போன் இதையெல்லாம் பதிவுசெய்துகொண்டிருக்கிறது.

அப்புறம் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மூடி சுழன்று அடங்கித் தரையில் விழுந்ததும் பையன் தலையைத் தூக்குகிறான். அம்மாவின் முழங்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்கிறான். ஒரு வினாடிகூட இருக்காது. அந்த நேரம் பார்த்து அம்மா பந்தை எடுக்கத் திரும்பியிருந்தாள்.

இது நான் எழுதிப் பார்த்த காட்சிதான். ஆனால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த ஒரு வினாடி தினமும் பல தடவை வந்துபோகிறது. அதை வீடியோவில் பிடித்து, பெற்றோருக்கே போட்டுக் காட்டி, சொந்தப் பிள்ளையைப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி முறை ஒன்று உண்டு. நடுராத்திரியில் ‘குழந்தை பேச என்ன செய்வது’ என்று யூடியூபில் தேடிக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

பேச்சு, வார்த்தைக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. குழந்தை ஒரு சத்தம் போடும், நாமும் ஒரு சத்தம் போடுவோம். ஒன்பது பத்து மாதத்தில் எரிகிற விளக்கைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். ‘நீயும் பார்த்தியா?’ என்று கண்ணால் கேட்கிறது. “ஆமா, லைட்டு!” என்கிறோம். பொருள், பார்வை, சொல் மூன்றும் ஒரே நேரத்தில் சேரும்போது சொல் மனதில் ஒட்டிக்கொள்கிறது.

ஆட்டிசம் உள்ள பிள்ளையும் நம்மைக் கூப்பிடுகிறது. ஆனால் அந்தக் கூப்பிடல் சின்னதாக, நாம் எதிர்பார்க்காத விதத்தில் வருகிறது. முகத்தைப் பார்ப்பதற்குப் பதில் முழங்கையைப் பார்க்கும். கை நீட்டாமல் உடம்பை லேசாகச் சாய்க்கும். பிள்ளை பதிலே தரவில்லையே என்ற தவிப்பில் பெற்றோர் இன்னும் நிறையக் கேள்வி கேட்பார்கள், பொம்மையை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். பிள்ளைக்கு அது தாங்க முடியாத அளவுக்குப் போய்விடும். இன்னும் ஒதுங்கும். இவர்கள் இன்னும் கேட்பார்கள்.

வீடியோ இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. பெற்றோரும் பிள்ளையும் சில நிமிடம் விளையாடுவதைப் பதிவுசெய்து, தெரபிஸ்டும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். தெரபிஸ்ட் தப்பு கண்டுபிடிக்க மாட்டார். பிள்ளை கூப்பிட்டு, பெற்றோர் அதற்கேற்ற பதில் கொடுத்து, பிள்ளை மறுபடி அவர்கள் பக்கம் திரும்பிய இடம் எங்காவது ஒன்று இருக்கும். அங்கே நிறுத்துவார். “இங்க நீங்க என்ன பண்ணீங்க? உடனே அவன் என்ன பண்றான் பாருங்க” என்பார். மீதியைப் பெற்றோரே கண்டுபிடிக்க வேண்டும்.

இது ஏன் பலிக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த எளிய விளக்கம் இதுதான். விளையாடும்போது நம் மூளை அடுத்து என்ன சொல்வது, எந்தப் பொம்மையை எடுப்பது என்ற யோசனையில் இருக்கும். எதிரே நடப்பதில் பாதி கண்ணில் படாது. திரையில் பார்க்கும்போது அந்த வேலை எதுவும் இல்லை. திருப்பி ஓட்டலாம், நிறுத்தலாம். அதில் தெரிவதும் நம் பிள்ளை, நம் வீட்டுத் தரை, நம் குரல். வேறு யாரோ ஒரு பிள்ளையை வைத்து எடுத்த வீடியோ எத்தனை பார்த்தாலும் இந்தத் தெளிவு வராது.

நாலைந்து வாரம் கழித்து அதே அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்காமல் காத்திருக்கிறாள். மூடி சுழல்கிறது, அவளும் குனிந்து பார்க்கிறாள். அது விழுந்ததும் “டப்!” என்கிறாள். பையன் மூடியை எடுத்து அவள் கையில் வைக்கிறான்.

பிரிட்டனில் 152 குழந்தைகளோடு இந்த முறையைச் சோதித்த ஆய்வு 2010இல் வெளியானது. சுமார் ஆறு ஆண்டுகள் கழித்துத் தொடர்ந்து பார்த்தபோதும் பலன் தெரிந்ததாக 2016இல் எழுதினார்கள். எனக்கு நெருக்கமானது அதே 2016இல் வந்த இன்னொரு ஆய்வு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளோடு நடந்தது. பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் இல்லை, இதற்காகவே பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கோடு இசைந்து பதில் சொல்வது கூடியது. பிள்ளைகள் தாமாக முன்வந்து பெற்றோரிடம் தொடர்புகொள்வதும் கூடியது. ஆனால் இருவரும் சேர்ந்து ஒரே விஷயத்தில் கவனம் வைக்கும் நேரம் குறைந்திருந்தது. அதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த், மெல்போர்ன் நகரங்களில், ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறிகள் தெரிந்த ஒரு வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு இது போன்ற பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் குழந்தைகளில் மூன்று வயதில் ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவர்கள் 6.7 சதவீதம். பயிற்சி இல்லாத குழுவில் அது 20.5 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு எந்த அம்மாவும் ‘அப்போ என்னாலதான் இப்படி ஆச்சா’ என்று நினைத்துவிடக் கூடாது. தாயின் பாசக் குறைவால் ஆட்டிசம் வருகிறது என்று சென்ற நூற்றாண்டின் நடுவில் சில மருத்துவர்களே எழுதினார்கள். அது முழுத் தவறு. ஒரு பிள்ளை சன்னமான குரலில் பேசினால் நாம் காதைக் கிட்டே கொண்டுபோவோம் இல்லையா, இந்தப் பயிற்சியும் அவ்வளவுதான்.

சரி, வீடியோவைப் பிள்ளைக்கே போட்டுக் காட்டினால் என்ன? அமெரிக்காவின் சியாட்டிலில், குழந்தைகள் மொழி கற்கும் விதத்தை ஆராயும் பட்ரீசியா கூல் 2003இல் இதற்கு விடை சொல்லிவிட்டார். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு 12 தடவை, ஒவ்வொரு தடவையும் 25 நிமிடம் போல, சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். நேரில் உட்கார்ந்து ஒருவர் கதை சொல்லி விளையாடியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதையே வீடியோவிலும் வெறும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை. திரையில் இருப்பவர் குழந்தை சிரித்தால் திரும்பிச் சிரிப்பதில்லை. அதனால் கைக்குழந்தைக்கு ரைம்ஸ் போட்டுவிட்டுப் பேச்சு வரும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

வீட்டில் எடுக்கும் வீடியோ இன்னொரு விதத்திலும் உதவும். ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவரும் அவர் குழுவும் பச்சிளம் குழந்தைகளின் அசைவுகளைப் பல ஆண்டுகள் வீடியோவில் கவனித்தார்கள். பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து மூன்று முதல் ஐந்து மாதம் வரை, விழித்து அமைதியாக மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்ன நெளிவுகள் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நெளிவுகள் இல்லாவிட்டால் மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பு மிக அதிகம். பயிற்சி பெற்ற கண்ணுக்கு மூன்று நான்கு நிமிட வீடியோவே போதும். பிள்ளை உட்காரவில்லையே, நடக்கவில்லையே என்று ஒன்றிரண்டு வருடம் காத்திருந்து தெரிந்துகொண்டது இப்போது சில மாதங்களிலேயே தெரிய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இதை வீட்டில் நாமே பார்த்து முடிவுகட்டக் கூடாது.

“அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது அந்த அன்பு புரிகிறது. ஆனாலும் சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள், போகும்போது வீடியோவும் எடுத்துப் போங்கள். புது இடத்தில், புது ஆள் முன்னால் பிள்ளை அழுதுகொண்டே இருக்கும், வீட்டில் செய்வது எதையும் செய்யாது. சாப்பிடும்போது ஒன்று, தனியாக விளையாடும்போது ஒன்று, உங்களோடு விளையாடும்போது ஒன்று, மூன்று மூன்று நிமிடம் போதும். பக்கவாட்டிலிருந்து, பிள்ளையின் முகமும் உங்கள் முகமும் தெரிகிற மாதிரி எடுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு, நீங்களும் தரையில் உட்காருங்கள்.